பலாமரப் பொந்து முதல் ஏழாவது முயற்சி வரை

திருவனந்தபுரம் வட்டாரத்தில் எதிரில் இருப்பது தெரியாமல் போன ஒரே காரணத்தால் உயிர் பிழைத்தவர்கள் பட்டியல் ஒன்று போட்டால், முதல் பெயர் ஒரு மகாராஜாவுடையது. மார்த்தாண்ட வர்மா. ரைட் சகோதரர்கள் பிறப்பதற்கு நூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது. இளவரசராக இருந்த அவரை எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்கிற பிரபுக்களின் ஆட்கள் துரத்த, நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் புகுந்துகொண்டார் என்பது கதை. அந்த மரத்துக்கு அம்மச்சிப் பிலாவு என்று பெயர். துரத்தியவர்கள் மரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அன்றைய காட்சித்தூரம்: பூஜ்யம்.

அந்த எட்டு வீட்டாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. இன்றைக்கு டெக்னோபார்க் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாகர்கோவில் பிள்ளைகள் கட்டன் சாயா குடிக்கிற இதே கழக்கூட்டம்தான். பிள்ளைவாளிடம் ஆள்பலம் இருந்தது, நிலம் இருந்தது, கோபம் இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை. காரியம் கைகூடவில்லை என்றால் எந்த வழியாகத் திரும்புவது என்ற யோசனை. துரத்தப்பட்டவரிடம் அது இருந்தது. அரண்மனை சரிப்படாவிட்டால் பலாமரம்.

1729-இல் பலாமரக்காரர் அரியணை ஏறினார். எட்டு வீடுகளையும் இடித்து, அந்த இடத்தில் குளம் தோண்டிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்றை அடியோடு நாசமாக்குவதற்கு மலையாளத்தில் இன்றைக்கும் 'குளம் தோண்டுவது' என்றுதான் பெயர்.

விமான உலகம் இந்தப் பாடத்தை இரண்டு நூற்றாண்டு கழித்து, வேறு குளங்களில் விழுந்து கற்றுக்கொண்டது. கற்றதை ஒரு எண்ணாகச் சுருக்கி, அதற்கு 'மினிமா' என்று பெயர் வைத்தது. இந்த உயரம் வரை இறங்கலாம். அதற்குள் ரன்வேயோ அதன் விளக்குகளோ கண்ணில் படவில்லை என்றால், மூக்கைத் தூக்கு, போய்விடு. அவ்வளவுதான் சட்டம். ஒரு வரிச் சட்டம். அதைக் கடைப்பிடிக்க மனுஷனுக்கு ஆகிற பாடுதான் பெரிய புராணம்.

முதலில் மினிமா என்ற ஒன்றே கிடையாது. விமானியின் தோல்தான் மினிமா. 1932-இல் திருவனந்தபுரத்தில் விமானத்தளம் உருவாகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மாப்பிள்ளை கோதவர்ம ராஜாவின் முயற்சி அது. ஜி.வி.ராஜா என்றால்தான் கேரளத்தில் தெரியும். 1935-இல் டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் ஒன்றை நெவில் வின்சென்ட் ஓட்டிவந்து இங்கே இறக்கினார். வைஸ்ராய் வில்லிங்டன் சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு அனுப்பிய கடிதம் அதில் வந்தது. நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூரின் அஞ்சல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அது பம்பாய்க்குப் பறந்தது.

ஃபாக்ஸ் மாத் வடிவமைப்பில் ஒரு நியாயம் உண்டு. பயணிகள் முன்னால் மூடிய அறைக்குள் நனையாமல் உட்கார்ந்திருப்பார்கள். விமானி அவர்களுக்குப் பின்னால், மேலே, திறந்த குழியில். மழை வந்தால் முதலில் நனைவது முடிவெடுக்க வேண்டிய ஆள். இதைவிட நேர்மையான வானிலைக் கருவியை அதற்குப் பிறகு யாரும் செய்யவில்லை.

வழி கண்டுபிடிப்பதும் சுலபம். மேற்குக் கரையோரம் தெற்கே வரும்போது கடல் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். இடது பக்கம் கடல் தெரிந்தால் வந்த வழியே வடக்கே திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் தெரிந்தால் ராமஜெயம் எழுத ஆரம்பிக்கலாம். பம்பாயிலோ இதைவிட எளிய ஏற்பாடு. ஜே.ஆர்.டி.டாடா 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து தபாலோடு வந்து இறங்கிய ஜூஹு, மழைக்காலத்தில் சேறாகிவிடும். ஆகவே மழைக்கு விமானங்கள் பூனாவுக்குக் குடிபெயரும். ரன்வே தெரிகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. முதலில் ரன்வே இருக்க வேண்டுமே!

கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியுமா என்று பரிசோதித்தவர் அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24, நியூயார்க் பக்கம் மிட்செல் ஃபீல்டு. இருக்கையை மூடுதுணியால் போர்த்திக்கொண்டு, கருவிகளின் முள்ளை மட்டும் பார்த்து ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கினார். பத்துப் பதினைந்து நிமிடக் காரியம். எதற்கும் இருக்கட்டும் என்று முன்னிருக்கையில் பென் கெல்சி என்ற இன்னொரு விமானி. அவர் எதையும் தொடவில்லை என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரிவதற்காக, கையை வெளியே நீட்டிக்கொண்டே பறந்தார். விஞ்ஞான வரலாற்றில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்ததற்காகப் புகழ்பெற்றவர்கள் குறைவு. கையை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தவர் அனேகமாக இவர் ஒருவர்தான்.

அதன் பிறகு ரேடியோக் கற்றை வழிகாட்டும் ஐ.எல்.எஸ். வந்தது. 1938 ஜனவரியில், பனிப்புயலுக்கு நடுவே பிட்ஸ்பர்க்கில் ஒரு பயணிகள் விமானம் அந்தக் கற்றையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. ஒரு கற்றை இடம்-வலம் சொல்லும், இன்னொன்று மேல்-கீழ் சொல்லும். ஆனால் கடைசிக் கொஞ்ச தூரம் மனுஷக் கண் வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்தை எப்படிச் சுருக்குவது என்பதுதான் அதற்குப் பிந்தைய சரித்திரம் முழுவதும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் கண்ட வழி, மூடுபனியைக் கொளுத்திவிடுவது. நிஜமாகத்தான் சொல்கிறேன். ரன்வேயின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட குழாய் பதித்து, அதில் பெட்ரோலைப் பாய்ச்சித் தீ வைத்தார்கள். சூட்டில் பனி விலகும், குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் விமானம் அந்த நெருப்புச் சந்துக்குள் இறங்கும். ஃபைடோ என்று பெயர். சர்ச்சிலே முடுக்கிவிட்ட திட்டம். பிரிட்டனில் பதினைந்து தளங்களில் இருந்தது. ஜனங்களுக்குப் பெட்ரோல் ரேஷன், பனிக்கு மட்டும் தாராளம்.

நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். போகியன்று விடியற்காலையில் பழைய பாயும் டயரும் கொளுத்தி, இல்லாத மூடுபனியை உண்டாக்கினார்கள். 2018 போகிக்குச் சென்னை விமான நிலையம் புகையில் மறைந்து, விமானங்கள் பெங்களூர் ஹைதராபாத் என்று ஊர் ஊராகப் போய் இறங்கின. பிரிட்டிஷ்காரன் விமானத்தை இறக்கத் தீ வைத்தான். நாம் தீ வைத்து, இறங்க வந்ததைத் துரத்தினோம். பழையன கழிதல் என்றால் இதுவும் சேர்த்திதான்.

சரி, பனிக்குள் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளப்பது யார்? இங்கேதான் எனக்குப் பிடித்த பாத்திரம் வருகிறது. விளக்கு எண்ணுகிறவர். ரன்வே ஓரம் ஒரு இடத்தில் ஒருவரை நிற்க வைப்பார்கள். பல நாடுகளில் தீயணைப்பு ஆள்தான் மாட்டுவார். ஓரத்து விளக்குகளில் எத்தனை தெரிகிறது என்று எண்ணி அவர் சொல்ல, அதை மீட்டராக மாற்றி விமானிக்குச் சொல்வார்கள். ஆர்.வி.ஆர். என்ற கம்பீரமான மூன்றெழுத்துக்குப் பின்னால், குளிரில் மூக்கு ஒழுகியபடி "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனுஷன் இருந்தான். பிறகு டிரான்ஸ்மிசோமீட்டர் என்ற கருவி வந்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு முனையிலிருந்து ஒளியை விட்டு, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கும் கருவி. பெங்களூரின் என்.ஏ.எல். ஆய்வகம் நம் நாட்டுக்காக அதைச் செய்து 'திருஷ்டி' என்று பெயர் வைத்தது. நல்ல பெயர். பூசணிக்காய் ஒன்றுதான் குறை.

கழக்கூட்டத்துக்கு இந்த இடத்தில் ஒரு பெருமையைச் சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. 1970-களில் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகளை வாரந்தோறும் ஏவினார்கள், மேல் வானத்துக் காற்றையும் சூட்டையும் அளக்க. பல பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எங்கள் ஊர்ப்பக்கம் தெரியும். அந்தக் காலத்தில் உலகத்தின் எத்தனையோ ரன்வேக்களில் அடுத்த விளக்கு தெரிகிறதா என்று ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் இருப்பது துல்லியமாகத் தெரியும், காலடியில் இருப்பது கலங்கும். மனித குலத்தின் ஜாதகம் அப்படி.

எல்லாம் சேர்ந்து கடைசியில் அட்டவணையாக வந்து நின்றது. முதல் வகை ஐ.எல்.எஸ். என்றால், ரன்வேக்கு மேல் 200 அடியில் முடிவு, ரன்வேயில் 550 மீட்டராவது தெரிய வேண்டும். இரண்டாம் வகை, 100 அடி, 300 மீட்டர். மூன்றாம் வகைக்குள் ஏ, பி, சி என்று கிளைகள். போகப் போக உயரமும் தூரமும் தேய்ந்து, சி-யில் இரண்டும் பூஜ்யம். ஒன்றுமே தெரியாமல் இறங்கலாம். இறங்கிய பிறகு டெர்மினல் எந்தத் திசை என்று யாரைக் கேட்பது என்பதற்கு விடை கிடைக்காததால், சி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிட்டது. 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து லண்டன் வந்த ட்ரைடன்ட் பயணிகள் விமானம் தானாகவே தரை தொட்டது. டெல்லிப் பனிக்காலத்தில் இன்று இறங்குவதெல்லாம் அந்தத் தானியங்கிப் பரம்பரையின் பேரப்பிள்ளைகள்.

200 அடி என்றால் எவ்வளவு? மூன்று தென்னை மரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நட்ட உயரம். சாதாரணமாக இறங்கும் வேகத்தில் அங்கிருந்து தரைக்குப் பதினேழு நொடி போல ஆகும். அந்த இடத்தில் விமானமே வாயைத் திறந்து "மினிமம்ஸ்" என்று சொல்லும். கேப்டன் ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டும். இறங்குகிறேன், அல்லது கோ-அரவுண்ட். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சைப் போல "பார்த்துச் சொல்றோம்" என்பது கிடையாது. அதற்கும் முன்னால் ஒரு வேலி உண்டு. 1,000 அடிக்கு வரும்போதே, கீழிருந்து சொல்லும் தூரம் மினிமாவுக்குக் குறைவென்றால் மேற்கொண்டு இறங்கவே கூடாது. ஐ.எல்.எஸ். இல்லாத வழியில் வந்தால் எண்கள் இன்னும் கறார். புதுக் கேப்டன் என்றால் அதற்கு மேலும்.

என் சித்தப்பா ஒருத்தர் வளைகுடாவிலிருந்து வந்தார். பெயர் வேண்டாத ஒரு விமானம், பெயர் வேண்டாத ஒரு ஊர். மழையில் கிட்டத்தட்ட இறங்கிவிட்டு, திரும்ப மேலே போய், அரைமணி நேரம் சுற்றி இறங்கியது. வீட்டுக்கு வந்தும் ஆற்றாமை தீரவில்லை. "லே மக்கா, ரன்வே அங்கனதாம்ல கெடக்கு. எறங்குனா என்ன கொள்ள? நம்ம மார்த்தாண்டத்துக்காரன் பஸ்ஸ ஓட்டுனா இப்பிடித் திருப்பிக்கிட்டுப் போவானா?" மாட்டான் சித்தப்பா. அதனால்தான் அவனிடம் பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி 2015 ஆகஸ்ட் 18. திருவோணத்துக்குப் பத்து நாள். தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் போயிங் 737. உள்ளே 142 பயணிகள், 8 பணியாளர்கள். விடியற்காலை, கொச்சியில் ஒன்றும் தெரியவில்லை. கோ-அரவுண்ட். மறுபடி வந்தார்கள், மறுபடி கோ-அரவுண்ட். மூன்றாவது தடவையும் அதே கதை. இதுவரைக்கும் மினிமாவைக் குறை சொல்ல முடியாது. தெரியவில்லை, போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் எண்ணெய் குடித்துக்கொண்டே போனார்கள் என்பதுதான் சங்கடம்.

பிறகு திருவனந்தபுரத்துக்குத் திருப்பினார்கள். வந்து சேர்வதற்குள் இங்கேயும் தூரம் குறைந்துவிட்டது. கடற்கரை ஊரின் மேகத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முறுக்கு. நாம் வரும் நேரம் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பும். எண்ணெய் அபாயம் என்று 'மேடே' சொல்லியாகிவிட்டது. இங்கேயும் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் மேலே போனார்கள். ஏழாவது முயற்சியில் சக்கரம் தரையைத் தொட்டது. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை.

தொட்டியில் மிச்சம் இருந்த எண்ணெய் 349 கிலோ. நம் கணக்கில் சொன்னால், இருநூறு லிட்டர் பீப்பாய் இரண்டு, அதற்கு மேல் மூன்று குடம். இறங்கும்போது அரைமணி நேரம் பறக்கும் எண்ணெய் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. இது பத்து நிமிடத்துக்குக் காணாது. எட்டாவது முயற்சி என்ற ஒன்று இருந்திருக்காது. விமானிகளைப் பறப்பதிலிருந்து நிறுத்திவைத்து விசாரித்தார்கள்.

எட்டு வீடு, ஏழு முயற்சி. கழக்கூட்டத்துப் பிள்ளை மேலே எங்கேயாவது உட்கார்ந்து இதைப் பார்த்திருந்தால், தன் தவறு என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்திருக்கும். ஏழாவது தடவை விமானம் இறங்கியது துணிச்சலினால் என்று வாட்ஸப்பில் வீரவணக்கம் வைத்தார்கள். துணிச்சல் எங்கே வந்தது? வேறு வழி இல்லை. எண்ணெய் தீர்ந்தவனுக்கு 550 மீட்டரும் ஒன்றுதான், ஐந்து மீட்டரும் ஒன்றுதான். மினிமா என்பது கண்ணுக்குப் போட்ட கணக்கு என்று நினைக்கிறோம். அது திரும்பிப் போகிற வழிக்குப் போட்ட பூட்டு. அந்த வழியைக் காலி பண்ணிவிடாதே என்கிற பூட்டு. நாலாவது தடவை பார்க்கலாமா என்று கேட்க வேண்டிய இடம் மூன்று தென்னை உயரத்தில் இல்லை. அது வெகு முன்னால், தொட்டியில் போதிய எண்ணெய் இருந்தபோது, முதல் தடவை மூக்கைத் தூக்கியபோதே இருந்தது.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் ஓரம் வைக்கிறேன். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மேட்டு ரன்வே, கொட்டும் மழை, இரண்டாவது முயற்சி. விமானம் பாதி ரன்வே கழிந்து தரை தொட்டு, விளிம்பைத் தாண்டி விழுந்தது. 21 பேர் போனார்கள். பக்கத்து இருக்கை விமானி 'கோ-அரவுண்ட்' என்று சொன்னதாக விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை அட்டவணையும்.

கடைசியாக, எல்லா மினிமாவுக்கும் மேலான ஒரு மினிமா திருவனந்தபுரத்தில் உண்டு. பலாமரத்திலிருந்து வெளியே வந்த மார்த்தாண்ட வர்மா, 1750-இல் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தான் தாசன் என்று சொல்லிக்கொண்டார். அந்த சுவாமி பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆராட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் போவார். வழியில் இப்போது ரன்வே கிடக்கிறது. அதனால் என்ன? அந்த இரண்டு நாளும் சாயங்காலம் ரன்வேயை மூடுவார்கள். முறைப்படி விமானிகளுக்கெல்லாம் அறிவிப்பு போகும். அரச குடும்பத்துப் பெரியவர் வாளேந்தி நடந்துவர, சுவாமி ரன்வேயைக் குறுக்கே கடந்து போவார், நீராடுவார், திரும்புவார். வானம் கண்ணாடி மாதிரி இருக்கட்டும், பத்துக் கிலோமீட்டர் தெரியட்டும், ஒருத்தரும் இறங்க முடியாது. ஒரு விமானியும் "ரன்வே அங்கனதான கெடக்கு" என்று கேட்டதில்லை. சாமி சொன்னால் திரும்பிப் போவதில் நமக்கு வெட்கமில்லை. மேகம் சொன்னால்தான் கௌரவம் குறுக்கே வருகிறது.

ஆகவே ஒரு விண்ணப்பம். அடுத்த மழைக்காலத்தில் இந்த ஊருக்கு வருகிறீர்கள். விமானம் தும்பா, கழக்கூட்டம் பக்கத்து வானத்தில் தாழ வந்து, தென்னந்தலைகள் தெரிய ஆரம்பித்த நேரத்தில், இன்ஜின் உறும, மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேகத்துக்குள் போகிறது. விமானியைத் திட்டாதீர்கள், சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், கீழே காத்திருப்பவருக்குப் போன் போட முயலாதீர்கள். அவர் தன் பலாமரத்தைத் தேடிப் போகிறார். கூடவே உங்களையும் கூட்டிக்கொண்டு.